சேறு காயும் முன்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையோரம் ஒரு வாட்டர் சர்வீஸ் கடை. போன ஆடியில் ஒரு நாள் என் ஸ்கூட்டரைக் கழுவக் கொடுத்துவிட்டு, அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு டிராக்டர் மேடையேறி நின்றது. சேறடித்துவிட்டு வயலிலிருந்து நேரே வந்த வண்டி. மட்கார்டின் அடியில் சேறு அப்பியிருந்தது. முன் அச்சில் ஒரு கோரைப்புல் வேரோடு சுற்றிக்கொண்டு கிடந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட பையன் பிரஷர் கன்னைத் திருப்பியதும், பின்சக்கரத்துச் சேறு கட்டி கட்டியாகப் பெயர்ந்து சிமென்ட் தரையில் விழுந்தது.

அப்போது அந்த வாசனை வந்தது. டீசலும் ஈரக்களியும், சூடு ஆறாத இரும்பில் தண்ணீர் பட்டதும் எழும் ஆவியும் கலந்த வாசனை. நாற்பது வருடத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் தென்னந்தோப்பு அப்படியே என் முன்னால் வந்து நின்றது. பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் தேங்காய் நாரோடு டிராக்டர் சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்த அந்தச் சிறுமியையும் பார்த்தேன். பையன் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, உங்க வண்டி ரெடி" என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணியாற்றங்கரையில் இருக்கிறது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும். வெண்ணாறு தன் வழியே போக, கோரையாறும் பாமணியாறும் கிளை பிரிந்து எங்கள் பக்கம் வரும். ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தார்கள் என்று ரேடியோவில் கேட்டதுமே ஊரில் எல்லோரும் நாள் எண்ணத் தொடங்குவார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, எங்கள் படித்துறையின் கடைசிப் படியை நனைக்கிற அன்று ஊரே ஆற்றங்கரையில் நிற்கும். அதற்கு மறுநாள் முதல் உழவு.

அந்த உழவு முதலில் மாட்டால் நடந்தது. எங்கள் வீட்டில் இரண்டு ஜோடி இருந்தன. மாடு பூட்டுவதும் அவிழ்ப்பதும் குளிப்பாட்டுவதும் ஒரு தூரத்து உறவுக்காரர். அம்மாவுக்கு அண்ணன் முறை, அதனால் எங்களுக்கு மாமா. பிறகு அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நிலவள வங்கியில் கடன் வாங்கி ஒரு டிராக்டர் எடுத்தார்கள். வேறு ஆளைத் தேட வேண்டாம், மாட்டை ஓட்டியவர் இதையும் ஓட்டட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். மாமா ஒரு மாதம் மன்னார்குடியில் தங்கி ஓட்டப் பழகி வந்தார். அன்றிலிருந்து ஊருக்கே அவர் டிரைவர் மாமா.

வண்டி மாசி பெர்குசன் 1035. ஊரில் அதை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மேசி' என்றால் மேசிதான். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி. பானெட்டும் மட்கார்டும் நல்ல சிவப்பு, எஞ்சினும் அதற்குக் கீழே உள்ளதெல்லாமும் சாம்பல் நிறம். மூன்று சிலிண்டர் எஞ்சின், அதுவும் சென்னை சிம்சன் தயாரிப்பு. அப்பா வண்டியோடு வந்த கையேட்டை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படித்துவிட்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். மாமா படிக்கவில்லை. வண்டி வந்து நின்ற அன்று அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மட்கார்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "இத எங்க வச்சுக் குளிப்பாட்டறது?" என்றுதான் கேட்டார்.

அவருக்கு அது இயல்பான கேள்வி. உழுதுவிட்டு வந்த மாட்டைக் குளிப்பாட்டாமல் அவர் ஒரு நாளும் கட்டுத்தறியில் கட்டியதில்லை. ஆற்றில் முழங்கால் ஆழத்துக்கு இறக்கி, வைக்கோலைப் பிரியாக முறுக்கி, கழுத்தில் தொடங்கி முதுகு, விலா, தொடை, குளம்பு என்று ஒரு வரிசையாகத் தேய்ப்பார். நுகத்தடி பட்ட இடத்தில் கை வந்ததும் நின்று விரலால் அழுத்திப் பார்ப்பார். மாடு முதுகை நெளித்தால் அங்கே புண் தொடங்குகிறது என்று அர்த்தம். குளம்புக்கு நடுவே முள்ளோ கல்லோ இருக்கிறதா என்று காலைத் தூக்கிப் பார்ப்பார். மாட்டுக்கு என்ன வந்திருக்கிறது என்பதை அவர் அறிந்ததெல்லாம் குளிப்பாட்டும்போதுதான்.

அதே கையோடுதான் டிராக்டரிடமும் வந்தார்.

ஆடியில் சேறடிப்பு தொடங்கிவிட்டால் பின்சக்கரத்தில் கேஜ்வீல் ஏறிவிடும். இரும்புப் பட்டைகளை வளைத்துக் கூண்டு மாதிரி செய்த சக்கரம் அது. சேற்றில் புதையாமல் வண்டி நடக்கவும், தண்ணீரும் மண்ணும் ஒன்றாகக் குழைந்து நாற்றை ஏற்கிற பதம் வரவும் அது வேண்டும். கேஜ்வீலோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை பெயர்ந்துவிடும். அதனால் வயல் வரப்பிலேயே அதைக் கழற்றிவிட்டு, ரப்பர் டயரில்தான் வண்டி வீடு திரும்பும். உழும்போது பின்னாலேயே நடந்து புழு பொறுக்கிய வெள்ளைக் கொக்குகளில் இரண்டு மூன்று, தோப்பு வாசல் வரைக்கும் கூடவே பறந்து வரும். சூரியன் இறங்கும் நேரம் வண்டியின் நிறம் சிவப்பா கறுப்பா என்று சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்து மண் களி. ஈரமாக இருக்கும்வரை விரலால் வழித்துவிடலாம். ஓர் இரவு காய்ந்துவிட்டால் ஓடு. மறுநாள் உளி கொண்டு தட்டினாலும் பெயிண்டோடு சேர்ந்துதான் உரியும். அதனால் எவ்வளவு இருட்டினாலும், எவ்வளவு அசந்து வந்தாலும், மாமா சொல்லுவது ஒன்றுதான்: "சேறு காயறத்துக்குள்ள தண்ணி காட்டிப்புடணும்."

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். வண்டி கழுவும் வேலை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு டிராக்டரில் என்ன வேலை என்று பெரியம்மா கேட்டதும் உண்டு. "நாரு வச்சுத் தேய்க்கத்தானே, தேய்க்கட்டும்" என்று மாமா சொல்லிவிட்டார். அதிலிருந்து சக்கரங்கள் எனக்கு.

ஒரு நாள் வண்டி வந்து நின்றதும் நான் முந்திக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி எஞ்சின் பக்கம் ஓங்கினேன். மாமா பாய்ந்து வந்து வாளியைப் பிடுங்கினார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். "ஓடி வந்த மாட்டு மேல பச்சத்தண்ணிய ஊத்துவியா பாப்பா? மேமூச்சு கீமூச்சு வாங்கி நிக்குதுல்ல?" என்றார். பிறகு என் கையைப் பிடித்து எஞ்சினுக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டச் சொன்னார். அனல் அடித்தது. கொதித்துக் கிடக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் சட்டென்று பட்டால் வெடிப்பு விடலாம், வெடிப்பு விட்டால் வண்டி போச்சு என்று விளக்கினார். அன்று நான் கற்ற வரிசை இன்றும் மாறவில்லை. சேறு காயக்கூடாது, அதனால் முதலில் சக்கரமும் அடிப்பக்கமும். எஞ்சின் ஆறவேண்டும், அதனால் அது கடைசி. இரண்டு அவசரத்துக்கும் நடுவே வேலையை அப்படிப் பங்கு போட்டு வைத்திருந்தார் மாமா.

தண்ணீர் தொடும் முன்னால் இன்னொன்று. மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் குழாயின் வாயில் ஒரு காலிப் பால்பவுடர் டப்பாவைக் கவிழ்ப்பார். ஏர் கிளீனர் வாய்க்குப் பிளாஸ்டிக் பையைக் கட்டுவார். மழை பெய்தாலும் அதே டப்பா. துருப்பிடித்து அடி உதிரும்வரை அது வேலை பார்த்தது. அப்புறம் இன்னொரு டப்பா வந்தது.

பின்சக்கர டயரின் பட்டைகளுக்கு நடுவில் இருந்த சேற்றை நான் குச்சியால் நெம்பி எடுப்பேன். அதோடு நத்தையும் சின்ன நண்டும் வந்து விழும். பக்கத்து வீட்டு வாத்துகள் வண்டிச் சத்தம் கேட்டதுமே தோப்புக்கு வந்துவிடும். நான் தள்ளத் தள்ள அவை நத்தைகளைத் தின்னும். டயரின் பக்கவாட்டில் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும். நார் வைத்துத் தேய்த்தால் ஒவ்வொன்றாக வெளிப்படும். பின்டயரில் 12.4-28. முன்டயரில் 6.00-16. பள்ளிக்கூடத்தில் தசமப்புள்ளி வருவதற்கு முன்பே அதை நான் டயரில் பார்த்துவிட்டேன். 28 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் அங்குலம் என்று அப்பா சொன்னார். அந்த எண்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தால்தான் என் வேலை முடிந்ததாக மாமா ஒப்புக்கொள்வார்.

பானெட்டை அவர் முதலில் வைக்கோல் பிரியால்தான் தேய்த்தார். மாட்டைத் தேய்த்த அதே பழக்கம். பெயிண்டில் மெல்லிய கீறல் விழுவதைக் கண்ட அப்பா தன் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். கிரீஸும் எண்ணெயும் ஒட்டிய இடங்களுக்கு ஒரு கிண்ணத்தில் டீசலும் பிரஷ்ஷும். மூட்டுகளைத் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பதரும் தூசியும் அடைத்திருக்கும். அதற்கு மட்டும் மாமா பிரஷ்ஷைத் தொடமாட்டார். விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லத் தண்ணீரை விட்டு, உள்ளே போன குப்பையை வந்த வழியே வெளியே தள்ளுவார். "இது வண்டியோட மூக்கு பாப்பா. அடச்சா சூடேறிப்புடும்" என்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஏர் கிளீனரைத் திறக்கும் நேரம். அந்தக் கால வண்டிகளில் அது எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகை. எஞ்சின் இழுக்கிற காற்று அந்த எண்ணெயைத் தொட்டுத்தான் உள்ளே போகும். தூசி எண்ணெயில் தங்கிவிடும், நல்ல காற்று மட்டும் மேலே ஏறும். கோடை உழவு நாட்களில் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குக் கரிய சகதி உட்கார்ந்திருக்கும். மாமா அதை ஒரு குச்சியால் வழித்து என்னிடம் காட்டுவார். "இத்தனையும் எஞ்சினுக்குள்ள போயிருந்தா?" என்பார். கிண்ணத்தை டீசலில் அலசி, துணியால் துடைத்து, உள்ளே போட்டிருக்கும் கோடுவரை புது எண்ணெய் ஊற்றுவார். கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு விழுந்தாலும் சாய்த்து எடுத்துவிடுவார். 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை இதைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவின் கையேட்டில் இருந்தது. மாமாவின் கணக்கில் அது ஒரு நாள் உழவு.

இப்போது ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருடம் நாங்கள் வண்டியைக் கழுவியது தோப்பில் அல்ல, ஆற்றில். மாடு இறங்கிய அதே சரிவில் டிராக்டரையும் இறக்கினோம். அப்போது அது யாருக்கும் தவறாகத் தெரியவில்லை. ஆறு எல்லோரையும் எல்லாவற்றையும் குளிப்பாட்டியது, இதையும் குளிப்பாட்டட்டும் என்று நினைத்தோம்.

அப்பாயிக்குத்தான் அது முதலில் கண்ணில் பட்டது. காலையில் படித்துறையில் குளிக்க இறங்கியவர் தண்ணீரைக் கையில் அள்ளிவிட்டு அப்படியே நின்றார். தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதந்து வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் இரவு மாமா எஞ்சினின் அடிப்பாகத்தை டீசலால் கழுவியிருந்தார். அதன் மிச்சம் கரையோரக் கோரையில் தங்கி இன்னமும் கசிந்துகொண்டிருந்தது. அப்பாயி ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொன்னார்: "மாடு குளிச்ச தண்ணிய நெல்லு குடிக்கும். இந்த எண்ணெத் தண்ணிய யாருடா குடிக்கறது?"

அப்பா பதில் பேசவில்லை. அன்று சாயங்காலமே தோப்பின் மேட்டுப் பக்கத்தில் இடம் பார்த்தார். உடைந்த செங்கல்லைக் கொட்டி, தண்ணீர் ஒரே பக்கம் ஓடுகிற மாதிரி ஒரு தளம் கட்டினார். ஓடி வரும் இடத்தில் ஒரு குழி எடுத்து, மணலும் உமியும் நிரப்பினார். உமி எண்ணெயை நன்றாகக் குடித்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை அதை வாரி எடுத்துவிட்டுப் புது உமி போடுவோம். எண்ணெய் குடித்த உமி நெல் அவிக்கும் அடுப்புக்குப் போய்விடும். மாற்றிய எஞ்சின் ஆயில் ஒரு தகர டின்னில் சேரும். கலப்பைக்கும் கேஜ்வீலுக்கும் துரு ஏறாமல் பூசுவதற்கு அதுதான். அதற்குப் பிறகு எங்கள் வண்டி ஆற்றில் இறங்கியதே இல்லை. மாடுகள் மட்டும் அவை இருந்தவரை இறங்கின.

அந்தத் தளத்தில்தான் ஒரு சம்பவம் நடந்தது. குறுவை அறுப்பு நேரம். வண்டியில் டிரெய்லர் மாட்டி நெல் மூட்டை ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் விடியற்காலை கொள்முதல் நிலையத்துக்கு லோடு போக வேண்டும். வழியில் ஆற்றுப் பாலம், கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய பாலம். அன்று மழையில் சேறாகி வந்த வண்டியை, "நாளைக்குக் கழுவிக்கலாமே" என்று சித்தப்பா சொன்னார். மாமா கேட்கவில்லை. அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு இருவரும் கழுவினோம்.

நான் முன்சக்கரத்தின் உள்பக்கம் சேற்றை வழித்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் ராடின் முனையில் ஒரு நட்டு இருக்கும், கோட்டைச் சுவர் மாதிரி மேலே பல் பல்லாக. அதன் நடுவே ஒரு துளை, அந்தத் துளையில் இரண்டு காலை விரித்துக்கொண்டு ஒரு ஊசி. நட்டு தானாகச் சுழன்று கழலாமல் பிடித்திருப்பது அதுதான். தினமும் விரல் பட்டுப் பட்டு அந்த ஊசி எனக்குப் பழக்கம். இடது பக்கம் கழுவும்போது விரலில் குத்தியது. வலது பக்கம் வந்தபோது குத்தவில்லை. மறுபடியும் தடவினேன். வெறும் துளை.

"மாமா, அந்தப் பக்கம் ஊசி இருக்கு. இந்தப் பக்கம் இல்ல."

மாமா விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். நட்டைக் கையால் பிடித்துத் திருகினார். ஸ்பானர் இல்லாமலே அது சுழன்றது. மூன்று சுற்று மரைதான் மிச்சம் இருந்தது. மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா லோடை நிறுத்தினார். காலையில் மாமா சைக்கிளில் மன்னார்குடி போய், கடை திறக்கும்வரை வாசலில் நின்று, இரண்டு பக்கத்துக்கும் புது ஊசி வாங்கி வந்தார். பழைய கம்பியை வளைத்துப் போட்டால் போதும் என்று யாரோ சொன்னதற்கு, "மூட்டையோட பாலத்துல போறவன் நாந்தானே" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு கழுவாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இத்தனை வருடத்தில் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சேறு காய்ந்து அந்த நட்டை மூடியிருக்கும். யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. வண்டியைக் கழுவுவது அழகுக்காக என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். மாடு முதுகை நெளிக்கிறதா என்று மாமா விரலால் அழுத்திப் பார்த்தாரே, அதைத்தான் நாங்கள் தினமும் இரும்பின் மேல் செய்துகொண்டிருந்தோம் என்பது அன்று புரிந்தது.

கழுவி முடித்தால் வேலை முடிந்துவிடாது. தண்ணீர் பட்ட மூட்டுகளில் கிரீஸ் கரைந்தோ ஒதுங்கியோ போயிருக்கும். மாமா கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். முன் அச்சின் நடு ஊசி, இரண்டு பக்கக் கிங்பின், கிளட்ச் மிதி, பின்னால் லிஃப்ட் கைகள். நிப்பிளைத் துணியால் துடைத்த பிறகுதான் கன்னை வைப்பார். துடைக்காமல் அடித்தால் மேலே இருக்கும் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவோம். முதலில் கறுப்பாக, மணல் கலந்த பழைய கிரீஸ் பிதுங்கும். அடிக்க அடிக்கப் புது கிரீஸ் சுத்தமாக வெளியே எட்டிப் பார்க்கும். அப்போது நிறுத்துவார். கடைசியில் டப்பாவையும் பையையும் எடுத்துவிட்டு, வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிடுவார். தண்ணீர் காய வேண்டும், பிரேக்கும் நாலு தடவை மிதித்து உலர வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நான் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அதுதான் என் கூலி.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நடப்பது இன்னும் பெரிய குளியல். அன்று பேட்டரி இறங்கும். அதன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையும் பச்சையுமான உப்பை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, வாஸ்லைன் தடவுவார்கள். சீட்டுக்கு அடியிலும் பானெட்டின் மூலையிலும் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வருடம் உள்ளேயிருந்து வைக்கோலும் என் பழைய ரிப்பன் துண்டும் வந்தன. பக்கத்திலேயே ஒயரைக் கடித்து வைத்திருந்தது. அதையும் அன்றே மாற்றினார்கள். அம்மா வண்டி நிற்கும் இடத்தில் கோலம் போடுவார். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, பானெட்டில் சந்தனம் குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். வண்டிக்கு முன்னால் கலப்பையும் மண்வெட்டியும் அரிவாளும் ஸ்பானர்களும் வாழை இலையில் அடுக்கியிருக்கும். அந்த ஸ்பானர்கள் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தவள் நான்.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளோடு வண்டிக்கும் மாலை உண்டு. மாடுகள் ஒவ்வொன்றாகப் போன பிறகு, அந்த நாளில் கட்டுத்தறியில் எதுவுமில்லாமல் டிராக்டருக்கு மட்டும் மாலை போட்ட வருடமும் வந்தது. மாமா அன்று மாலையைப் போட்டுவிட்டு நேரே ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட என்னை அனுப்பினார்கள். மாடு இறங்கும் சரிவில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "வா பாப்பா, போலாம்" என்றார்.

இன்று எங்கள் வீட்டு நிலத்தைத் தம்பி பார்க்கிறான். அவனிடம் இருப்பது வேறு வண்டி, பெரிய வண்டி, பின்னால் ரொட்டவேட்டர். ஏர் கிளீனரில் எண்ணெய்க் கிண்ணம் இல்லை, காகித ஃபில்டர்தான். ஓட்டுவதற்கு சீசனுக்கு ஒருவர் வருவார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாட்டர் சர்வீஸ். இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆள் கிடைக்காத காலம், ஒரே நாளில் பத்து ஏக்கர் முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி. பிரஷர் தண்ணீர் ஒரு மணி நேர வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது. கீழே வண்டல் தொட்டியும் எண்ணெயைப் பிரிக்கும் தடுப்பும் ஒழுங்காக வைத்திருக்கும் கடையென்றால் ஆற்றுக்கும் அதுவே நல்லது.

ஆனால் அந்த வேகத்துக்கு விரல் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் கழுவிக்கொண்டு வந்த வண்டி மறுநாள் வயலில் சூடேறி நின்றது. ரேடியேட்டருக்கு மிகக் கிட்டே வைத்து அடித்த தண்ணீர், தகடுகளை ஒரு பக்கமாக மடித்துவிட்டது. காற்றுப் போக வழியில்லை. ஆல்டர்னேட்டருக்குள்ளும் தண்ணீர் இறங்கி சார்ஜ் ஏறவில்லை. மடங்கிய தகடுகளைத் தம்பி ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நடுகை ஆட்கள் பத்துப் பேர் வரப்பில் காத்திருந்தார்கள்.

வாட்டர் சர்வீஸ் கடையில் அந்த வாசனை வந்த அன்று தம்பிக்குப் போன் செய்தேன். இந்த வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கடைக்கு அனுப்பாதே, நான் வருகிறேன் என்றேன்.

போனேன். அப்பா கட்டிய தளத்தில் செங்கல் பாதி பெயர்ந்திருந்தது. தம்பி மகளும் மகனும் குழியைத் தூர்வாரினார்கள். ரைஸ்மில்லிலிருந்து ஒரு சாக்கு உமி வந்தது. மாமாவுக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. கண் பார்வை மங்கிவிட்டது. அவரை நாற்காலியோடு தோப்புக்குத் தூக்கி வந்து நிழலில் உட்கார வைத்தோம். எஞ்சின் ஆறிவிட்டதா என்று அவர் கேட்டார். அப்புறம் டப்பா கவிழ்த்தாச்சா என்று கேட்டார். தம்பி மகள் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தின் முன்னால் குந்தினாள். அவளுக்கு எழுத்துகளைத் தேய்த்துக் காட்டினேன். வாத்துகள் வரவில்லை. ஊரில் இப்போது வாத்து வளர்ப்பவர்கள் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு மாமா எழுந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பானெட், மட்கார்டு, சக்கரம் என்று கை போய்க்கொண்டே இருந்தது. முன் அச்சுக்கு வந்ததும் மெல்லக் குனிந்தார். ஸ்டியரிங் ராடின் முனையை இடது பக்கம் தடவினார். சுற்றி வந்து வலது பக்கம் தடவினார்.

"ரெண்டு பக்கமும் இருக்கு" என்றார். "கிரீஸ் அடிங்க."

டிராக்டர் வைத்திருக்கிற வீடுகளுக்கு நான் கேட்டுக்கொள்வது இது. தினசரி வேலைக்கு மெஷின் தண்ணீர் போதும். ஆற்றிலும் வாய்க்காலிலும் வண்டியை இறக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது வண்டியை வீட்டில் நிறுத்தி, சேறு காயும் முன், பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் கழுவுங்கள். ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.